கடைமடையிலிருந்து ஒரு டீம் மீட்டிங்

பன்னாட்டு கம்பெனியில் வேலை என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் சம்பளத்தைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "வெளிநாட்டுக்காரங்களோட எப்படி ஒத்துப்போறீங்க?" என்பது. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, சாமி வேறு, இதில் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்ப்பது கஷ்டமில்லையா என்று அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆட்களோடு ஒத்துப்போவதில் எனக்குப் பெரிய கஷ்டம் எதுவும் வந்ததில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை எங்கள் ஊர்க்காரருக்குப் புரியவைப்பது சுலபம், மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நான் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்த்து முடிக்கப்பட்ட கால்வாய் இது. பழைய ஆற்றுப் பாசனம் எட்டாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று போய் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் முடிகிறது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்கள் என்று டிவியில் பூத்தூவுவதைக் காட்டுவார்கள். கல்லணையிலும் சில நாளில் திறந்துவிடுவார்கள். எங்கள் வாய்க்காலில் தண்ணீரைப் பார்க்க அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். சில வருடம் வரும், சில வருடம் ஈரம் மட்டும் வரும். இதற்குப் பெயர்தான் கடைமடை. தண்ணீர் குறைவான வருடத்தில் முறை வைத்து விடுவார்கள். சில நாள் இந்த ஆற்றுக்கு, சில நாள் அந்த ஆற்றுக்கு. முறை ஒழுங்காக நடந்தால் கடைமடையும் ஒரு போகம் எடுக்கும். தலைமடைக்காரர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் மதகுக்குப் பக்கத்தில் இருக்கிறார், நாம் தூரத்தில் இருக்கிறோம். அவ்வளவுதான்.

நான் வேலை பார்க்கும் டீமும் இப்படித்தான். கப்பல் சரக்குப் பெட்டிகள் எங்கே போகின்றன, எப்போது துறைமுகம் சேரும் என்று காட்டும் மென்பொருள் எங்களுடையது. தலைமை அலுவலகம் ஹாம்பர்கில். வாடிக்கையாளரோடு பேசுகிறவர்கள் சிகாகோவில். நிரல் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் போலந்தின் கிராகோவில், மீதி சென்னையிலும் என்னைப் போல ஊர்களிலும். டெஸ்டிங் மணிலாவில். ஐந்து நாட்டு ஆட்கள், ஒரே டீம். நேரம், தகவல், முடிவெடுக்கும் உரிமை மூன்றும் ஹாம்பர்கில் திறக்கின்றன. எங்களிடம் வந்து சேரும்போது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் எங்கள் அன்றாட வேலை வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. கலாச்சார வேறுபாடு என்று பேசப்படுகிற பலதும் இந்தத் தூரத்தின் விளைவு என்பது என் உறுதியான எண்ணம்.

நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு தீர்க்கரேகையைக் கணக்கில் வைத்து 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகக் கடிகாரங்களுக்கெல்லாம் அடிப்படையான பொதுநேரத்துக்கு (யுடிசி) ஐந்தரை மணி முன்னால். அந்த அரை மணி எல்லோரையும் குழப்பும், அது போகட்டும். நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. மணிலாவிலும் தொடுவதில்லை. ஹாம்பர்கும் கிராகோவும் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுக்கின்றன. அமெரிக்கா அதையே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் செய்கிறது. ஆக மார்ச்சில் இரண்டு மூன்று வாரம், இலையுதிர் காலத்தில் ஒரு வாரம், சிகாகோவுக்கும் ஹாம்பர்குக்கும் இடையே உள்ள நேர வித்தியாசமே மாறிப்போகும். காலண்டரில் வழக்கமான கூட்டம் தானாக நகர்ந்து, இரவுச் சாப்பாட்டு நேரத்தின் மேல் வந்து உட்காரும். 2019-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்த வழக்கத்தைக் கைவிட வாக்களித்தது. நாடுகள் ஒத்துவராததால் நடைமுறைக்கு வரவில்லை.

எங்கள் வாராந்திரத் திட்டக் கூட்டம் வெகுகாலம் சிகாகோ காலை 9 மணிக்கு நடந்தது. கோடையில் அது ஹாம்பர்க் மாலை 4, நமக்கு இரவு ஏழரை, மணிலா இரவு 10. குளிர்காலத்தில் நமக்கு எட்டரை, மணிலாவில் 11. அந்தக் கூட்டத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால் இன்னும் அரை மணி நேரம். அப்பா வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். "என்னம்மா, இன்னுமா பேசிக்கிட்டு இருக்காங்க?" என்பார். வயலில் அவர் இரவு தண்ணீர் பாய்ச்சப் போனவர்தான். ஆனால் அது முறை வந்த அன்றைக்கு. இது ஒவ்வொரு வாரமும்.

இந்தக் கடைமடைக்கும் கீழே ஒரு கடைமடை உண்டு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவில் இருக்கிற நாங்கள் எங்கள் இரவைப் பற்றிப் பேசுகிறோம். மணிலாவில் இருக்கிற டெஸ்டர் இரவு பதினொரு மணிக்குக் கேமராவைப் போட்டு, பின்னால் பிள்ளைகள் தூங்குவதால் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பார். அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அலுத்துக்கொள்ளாததாலேயே அவருக்கு அது சரிப்பட்டு வருகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இதைக் கலாச்சாரம் என்பார்கள். ஆசியர்கள் அனுசரித்துப் போவார்கள், ஐரோப்பியர்கள் கறாராக இருப்பார்கள் என்று. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஜெர்மனியின் வேலை நேரச் சட்டம் 1994-இல் வந்தது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 11 மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு நெறியும் இதே 11 மணி நேரத்தைச் சொல்வதால் போலந்துக்கும் அது உண்டு. பிலிப்பைன்ஸ் தொழிலாளர் சட்டத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை பார்க்கும் வேலைக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் சம்பளம். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டத்தில் இப்படி ஓய்வு வரம்பு எதுவும் கிடையாது. என் வேலை ஒப்பந்தத்தில் இருப்பது, தேவைப்பட்டால் மற்ற நேரங்களிலும் வேலை செய்ய வேண்டும் என்ற ஒரு வரி. ஹாம்பர்க்காரர் ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடுவது அவர் ரத்தத்தில் வந்த குணம் இல்லை. அவருடைய தொழிற்சங்கங்கள் பல தலைமுறையாகக் கேட்டு வாங்கியது. அதை மதிக்கிறேன். அதுபோல நமக்கும் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

சரி, நேரம் போகட்டும். தகவல் விஷயம் இன்னும் முக்கியம்.

ஒரு குளிர்கால வாரத்தில் நடந்தது. காலை எட்டு மணிக்கு டெஸ்ட் முடிவுகளைத் திறந்தால் பாதிக்கு மேல் சிவப்பு. கப்பல்கள் வந்து சேரும் நேரம் எல்லாம் தப்பாக வருகிறது. தூத்துக்குடிக்குக் காலை 10 மணிக்கு வர வேண்டிய கப்பல் மாலை மூன்றரைக்கு வரும் என்று காட்டுகிறது. எங்கள் டீமில் திருத்துறைப்பூண்டித் தம்பி ஒருவன் இருக்கிறான். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஹாம்பர்கில் அப்போது விடியற்காலை மூன்றரை. கேட்க ஆள் இல்லை. அவனும் நானும் ஒவ்வொரு கப்பலாக எடுத்துப் பார்த்தோம். சென்னை, தூத்துக்குடி, கொச்சி எல்லாமே தள்ளித்தான் காட்டுகின்றன. அவன்தான் முதலில் பிடித்தான். "அக்கா, தாறுமாறா தப்பா வரல. எல்லாத்துலயும் கரெக்டா அஞ்சரை மணி நேரம் கூடுது" என்றான்.

அதே நேரம் மணிலாவிலிருந்து சாட்டில் ஒரு வரி வந்தது. அங்கே எல்லாக் கப்பலும் சரியாக எட்டு மணி நேரம் தாமதம் என்று. ஐந்தரையும் எட்டும் என்றவுடன் விளங்கிவிட்டது. மணிலா பொதுநேரத்துக்கு எட்டு மணி முன்னால். யாரோ துறைமுகத்தின் உள்ளூர் நேரத்தை எடுத்து, பொதுநேரம் இருக்க வேண்டிய இடத்தில் போட்டிருக்கிறார்கள். திரையில் காட்டும்போது அதன் மேல் மறுபடியும் உள்ளூர் வித்தியாசம் ஏறுகிறது. ஹூஸ்டன் கப்பல்களைப் பார்த்தோம். அங்கே ஆறு மணி நேரம் முன்னதாகவே வருவதாகக் காட்டியது. சந்தேகம் தீர்ந்தது.

யார், எதற்காக மாற்றினார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. பகல் ஒன்றரைக்கு ஹாம்பர்க் வந்தது. முந்தைய நாள் மாலை அவர்கள் அலுவலகச் சமையலறையில் காபி குடிக்கும்போது மூன்று பேர் பேசி, உள்ளூர் நேரமாகவே சேமித்தால் வாடிக்கையாளருக்கு வசதி என்று முடிவு செய்திருக்கிறார்கள். யோசனை மோசமில்லை. பாதி வேலையை முடித்து, மீதியை நாளைக்குச் செய்யலாம் என்று வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எங்கேயும் எழுதவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தப்பு ஏன் படவில்லை என்று கேட்டீர்களானால், ஹாம்பர்கில் குளிர்காலத்தில் வித்தியாசம் ஒரே ஒரு மணி நேரம். கப்பல் ஒரு மணி நேரம் தாமதமாக வருவது யாருக்கும் விசித்திரமாகப் படாது. மதகுக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு சாண் தண்ணீர் குறைந்ததே தெரியாது. அதே ஒரு சாண்தான் கடைமடையில் வயல் காய்வது.

அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், மனதார. ஆனால் வருத்தம் தெரிவித்தால் அடுத்த முறை நடக்காது என்று அர்த்தமில்லை என்பதால், கிராகோவில் இருக்கும் மூத்த டெவலப்பரும் நானும் சேர்ந்து ஒரு விதியை எழுதிக் கொடுத்தோம். வாயால் பேசி முடித்தது முடிவாகாது. எல்லோரும் பார்க்கும் முடிவுப் பக்கத்தில் என்ன, ஏன், யாரைப் பாதிக்கும் என்று நாலு வரி எழுத வேண்டும். அங்கே இல்லாதவர்களுக்கு ஒரு முழு வேலை நாள் அவகாசம். அதற்குள் ஆட்சேபணை இல்லையென்றால்தான் மாற்றம் உள்ளே போகும். முதலில் இது வேலையை மெதுவாக்கும் என்று முணுமுணுப்பு இருந்தது. நடந்தது என்னவென்றால், எழுத உட்கார்ந்ததும் பாதி யோசனைகள் எழுதுகிறவருக்கே சரிவரவில்லை என்று தெரிந்து கைவிடப்பட்டன. இன்றைக்கு அந்தப் பக்கத்தை அதிகம் புரட்டுவது ஹாம்பர்க் ஆட்கள்தான். போன வருடம் எதற்காக இப்படிச் செய்தோம் என்று அவர்களுக்கும் மறந்துபோகிறது.

கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் கலாச்சாரப் பயிற்சி என்று அரை நாள் வைப்பார்கள். அதில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். ஹீர்ட் ஹோஃப்ஸ்டெட் என்ற நெதர்லாந்து சமூக உளவியலாளர் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய, லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களிலிருந்து நாடுவாரியாக எண்கள் போட்டார். மேலதிகாரியோடு இருக்கும் அதிகார இடைவெளியை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அதில் ஒரு அளவு. பிலிப்பைன்ஸ் 94, இந்தியா 77, அமெரிக்கா 40, ஜெர்மனி 35. பின்னால் சேர்க்கப்பட்ட போலந்து 68. இந்தப் படத்தைக் காட்டி, அதனால்தான் இந்தியர்கள் கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை என்று பயிற்சியாளர் முடித்துவிடுவார்.

ஆய்வின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இது நாட்டின் சராசரி, தனி ஆளை இதைக்கொண்டு அளக்கக் கூடாது என்று ஹோஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். பயிற்சிகளில் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் டீமில் மேலாளரோடு அதிகம் வாதாடுகிறவர் கிராகோ மூத்தவர். கூர்மையான கேள்வி கேட்பது மணிலா டெஸ்டர், ஆனால் எழுத்தில். ஹாம்பர்கில் ஒருவர் இருக்கிறார், கூட்டத்தில் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

நம் பிள்ளைகள் பேசுவதில்லை என்பது உண்மைதான். மறைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவர்கள். ஆனால் நான் கூர்ந்து கவனித்ததில் இன்னொன்று தெரிந்தது. விவாதிக்கப்போகிற வடிவமைப்பு ஆவணம் கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வரும். ஹாம்பர்க் ஆட்கள் அதைப் பற்றி இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நமக்கு அது புதுசு. இரவு எட்டரை மணிக்கு, இரண்டாவது மொழியில், முதல் தடவை பார்க்கிற ஒன்றைப் பற்றி, பதினைந்து பேர் முன்னால் கருத்துச் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும் தயங்குவார்கள். ஆவணத்தை முந்தைய நாளே அனுப்ப வேண்டும், கருத்தைப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதலாம் என்று ஆக்கிய பிறகு, திருத்துறைப்பூண்டித் தம்பி எழுதிய குறிப்புகள் ஒரு ஆவணத்தின் ஓரத்தையே நிரப்பிவிட்டன. அடுத்த கூட்டத்தில் மேலாளர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார். முதல் நிமிடம் குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு கால் மணி நேரம் பேசினான். அவன் குணம் எதுவும் மாறவில்லை. தகவல் நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

இங்கிலீஷ் பற்றியும் ஒன்று. ஹாம்பர்க், கிராகோ, மணிலா, பட்டுக்கோட்டை ஆகிய நான்கு இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று நன்றாகவே புரிகின்றன. எல்லோரும் கற்றுக்கொண்டு பேசுகிறவர்கள், வாக்கியத்தைச் சின்னதாக வைத்துக்கொள்வார்கள். சிகாகோ நண்பர் பேசும்போதுதான் நான்கு ஊரும் ஒரே நேரத்தில் விழிக்கும். வேகம் ஒரு பக்கம், பேஸ்பால் விளையாட்டிலிருந்து எடுத்த சொல்வழக்கு இன்னொரு பக்கம். ரொம்ப நல்ல மனுஷர். ஒருநாள் கிராகோ மூத்தவர் நேரடியாகக் கேட்டுவிட்டார், நீங்கள் சொன்னது எங்களில் யாருக்கும் புரியவில்லை, சாட்டில் எழுதுங்கள் என்று. அன்றிலிருந்து பேசி முடித்ததும் இரண்டு வரி எழுதிப் போடுகிறார். அவரவர் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள வகுப்பு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

விடுமுறைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மே 1 நான்கு நாட்டுக்குப் பொது, அமெரிக்காவுக்கு மட்டும் தொழிலாளர் நாள் செப்டம்பரில். பொங்கலுக்கு மென்பொருளின் புதுப் பதிப்பு ரிலீஸ் வைக்காதீர்கள் என்று டிசம்பரிலேயே சொல்லிவிட்டால் வைக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் வைப்பார்கள்.

ஆட்களோடு ஒத்துப்போவதில் கஷ்டமில்லை என்று ஆரம்பத்தில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்போது நான் சென்னை அலுவலகத்தில். வீட்டுக்குப் போன் போகவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை எல்லாம் முறிந்து, வேரோடு சாய்ந்து கிடக்கிறது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. ஹாம்பர்க் மேலாளர் ஒரே வரியில், கிளம்புங்கள், விடுப்பு விண்ணப்பம் எல்லாம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் பத்திரமாக இருங்கள் என்று எழுதினார்கள்.

மணிலா டெஸ்டர் மட்டும் போன் பண்ணினார். அவருடைய தாய் வீடு தக்லோபனில். 2013 நவம்பர் 8 அங்கே ஹையான் புயல் அடித்தது. அவர்கள் யோலாண்டா என்பார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மோட்டாரா கைப்பம்பா என்று கேட்டார். மோட்டார் என்றேன். அப்படியானால் கரண்ட் வரும்வரை தண்ணீர் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசலைப் போகிற வழியிலேயே கேனில் வாங்கிக்கொள், நாளைக்குக் கிடைக்காது என்றார். மெழுகுவத்தி, கொசுவத்தி, அப்பாவின் மாத்திரை இரண்டு மாதத்துக்கு, ரொக்கப் பணம் சில்லறையாக, ஏனென்றால் ஏடிஎம் வேலை செய்யாது. நான் எழுதிக்கொண்டே வந்தேன். அத்தனையும் அப்படியே நடந்தது. திருச்சியில் வாங்கிய டீசலை வைத்து எங்கள் தெருவே தொட்டியை நிரப்பியது. ஊருக்குள் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. நான் பார்த்தே இராத ஊரில் இருக்கும் ஒரு பெண், என் வீட்டுக்கு என்ன வேண்டும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். இப்படிப்பட்டவரை ஒவ்வொரு வாரமும் இரவு பதினொரு மணிக்கு உட்காரவைக்கிறோமே என்ற எண்ணம் எனக்கு அப்போதிலிருந்தே இருந்தது.

2020-இல் ஊரடங்கோடு நான் ஊருக்கு வந்தேன், பிறகு இங்கேயே இருந்துவிட்டேன். டெல்டாவில் இருந்து இந்த வேலை செய்வது முடிகிற காரியம்தான். வீட்டுக்கு ஃபைபர் லைன் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை வரை மின்தடை என்று பேப்பரில் போட்டுவிடுவார்கள். இன்வெர்ட்டர் தாங்கும் அளவுக்கு வேலையைப் பிரித்துக்கொள்வேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கேயாவது கேபிள் அறுந்தால் போன் ஹாட்ஸ்பாட். தஞ்சாவூரில் 2024-இல் மினி டைடல் பார்க் திறந்தார்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, சென்னைக்குத் திரும்பிப் போக முடியாமல் வேலையை விட்ட பெண்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். அவர்களுக்கு இப்படி ஊரிலேயே இருந்து வேலை பார்ப்பது பெரிய வழி. ஆனால் அந்த வழி திறந்திருக்க வேண்டுமென்றால் வேலை நேரம் இரவுக்குள் தள்ளப்படக் கூடாது. மாலை ஆறுக்கு மேல் கூட்டம் என்றால் முதலில் விலகிக்கொள்வது கைக்குழந்தைக்காரிகள். இதை நான் கண்முன்னால் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் முறை வைக்கச் சொல்லிக் கேட்டேன். சிகாகோ காலை 9 என்பதை ஒரு மாதம் வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் கூட்டம் இந்திய நேரம் மாலை நாலரை. கோடைக் கணக்கில் அது மணிலா இரவு 7, ஹாம்பர்க் பகல் 1, சிகாகோ விடியற்காலை 6. ஆறு மணி என்றதும் மறுப்பு வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும், குளிரில் எழுந்திருக்க முடியாது என்றார்கள். நியாயமான காரணங்கள்தான். அதே காரணங்கள் இங்கேயும் மணிலாவிலும் உண்டு என்று எல்லா ஊருக்கும் மணி போட்டு ஒரு அட்டவணை தயாரித்து, போன வருடக் கூட்டங்களில் எத்தனை யாருடைய வேலை நேரத்துக்கு வெளியே விழுந்தன என்று சிவப்பு அடித்துக் காட்டினேன். ஹாம்பர்க் வரிசையில் சிவப்பே இல்லை. மணிலா வரிசை முழுக்கச் சிவப்பு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஹாம்பர்க் மேலாளர்தான் முதலில் பேசினார். இந்த அட்டவணையை நான் இதுவரை பார்த்ததில்லை, இது இப்படியே தொடரக் கூடாது என்றார். சிகாகோ நண்பர் சோதனையாகச் சில மாதம் பார்ப்போம் என்று சம்மதித்தார்.

முறை வந்த பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சிகாகோ ஆட்கள் ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்த முதல் மாதமே, இந்தக் கூட்டம் ஏன் ஒரு மணி நேரம் நடக்கிறது என்று அவர்களே கேட்டார்கள். அரை மணியாகக் குறைந்தது. எழுதிப் படித்துக்கொள்ளக் கூடிய விஷயங்கள் பக்கத்துக்குப் போயின. சிரமம் எல்லோர் வீட்டுக்கும் வந்தால்தான் அதைக் குறைக்க எல்லோருக்கும் தோன்றுகிறது. சென்னை மேலாளர் ஒருவர் என்னிடம் தனியாக, வாடிக்கையாளர் இருக்கிற ஊரை எழுப்பி வைக்கலாமா அம்மா என்று தயங்கிக் கேட்டார். அவரும் என் நன்மைக்காகத்தான் கேட்டார் என்று தெரியும். முறை கேட்பது சலுகை கேட்பதில்லை சார் என்று சொன்னேன்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மணிலாவுக்கு இன்னும் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் இரவுதான். அவர் பங்குக்கு இந்திய காலை ஏழரை, மணிலா காலை 10 என்று ஒரு கூட்டம் வைத்து, ஹாம்பர்க் தூங்கட்டும், குறிப்பைப் படித்துக்கொள்ளட்டும் என்று கேட்டிருக்கிறோம். அதற்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. தலைமை இல்லாமல் கூட்டமா என்ற தயக்கம்.

அதைவிடப் பெரியது பதவி. எங்கள் பகுதிக்கு டெக் லீட், அதாவது தொழில்நுட்பத் தலைவர் வேலை ஒன்று காலியாகியிருக்கிறது. உள்விளம்பரத்தில் இருப்பிடம் எதுவும் தடையில்லை என்று போட்டுவிட்டு, அடுத்த வரியில் ஹாம்பர்க் அலுவலக நேரம் முழுக்க இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். கோடையில் பகல் பன்னிரண்டரை முதல் இரவு ஒன்பது வரை. மணிலாவுக்குக் கணக்குப் போடவே வேண்டாம். அந்த வரியை எடுத்துவிட்டு, தினமும் நான்கு மணி நேரம் பொது நேரம் என்று மாற்றச் சொல்லி முடிவுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கிராகோ மூத்தவரும் மணிலா டெஸ்டரும் கீழே ஆதரித்து எழுதியிருக்கிறார்கள். ஹாம்பர்கிலிருந்தும் ஒருவர் எழுதியிருக்கிறார், அந்த நாலு வார்த்தைக்காரர். வரும் வியாழக்கிழமை கூட்டத்தில் பேசுவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். திருத்துறைப்பூண்டித் தம்பி, விதி மாறட்டும் அக்கா, அப்புறம் விண்ணப்பிக்கிறேன் என்றான். அதுவரை காத்திருக்காதே, இன்றைக்கே போடு என்றேன். போட்டுவிட்டான்.